நியூட்ரல் அறுந்தால் கடை என்னாகும்? மின்கருவிகளைக் காக்க வணிகருக்கு ஒரு பாடம்



இரவு கடையைச் சாத்தும்போது ஷட்டருக்கு இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறோம். கல்லாவுக்குத் தனிப் பூட்டு. போதாது என்று இப்போது கேமராவும் வைத்துவிட்டோம். ஆனால் மின்கம்பத்திலிருந்து கடைக்குள் வரும் வயர் வழியாகவும் நஷ்டம் நுழையும் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. நினைக்க வைத்தது ஒரு ஆடிக் கிருத்திகை.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் என்ன என்று நம் சங்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. புஷ்பக் காவடிகள் மலையேறும் நாட்களும், அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம் மிதக்கும் நாட்களும் சேர்ந்து செய்யும் வியாபாரத்தை மற்ற சில மாதங்கள் சேர்ந்தாலும் செய்யாது. அந்த ஆண்டு கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பே என் கடையில் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் நிறைத்து வைத்திருந்தேன். ஒரு வாரமாகவே கடையில் விளக்கு மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருந்தது. "கிருத்திகை முடியட்டும், ஆள் கூப்பிட்டுப் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை ஆறரை மணிக்கு விளக்குகள் திடீரென்று பளீரென எரிந்தன. மின்விசிறி என்றுமில்லாத வேகத்தில் சுற்றியது. எழுந்து மெயின் சுவிட்சை நிறுத்துவதற்குள் பில் போடும் கம்ப்யூட்டரில் பட்டென்று ஒரு சத்தம். எலெக்ட்ரானிக் தராசின் எண்கள் மறைந்தன. பிரீசருக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரிலிருந்து புகை வந்தது. அதே நேரத்தில் பக்கத்து ஓட்டலில் கிரைண்டர் சுற்ற மாட்டாமல் உறுமிக்கொண்டு நின்றது. ஒரே கம்பத்து மின்சாரம். எனக்கு அதிகம், அவருக்குக் குறைவு. இது எப்படி?

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, உங்க வயரிங்கில ஒரு தப்பும் இல்ல. வெளியில நியூட்ரல் விட்டிருக்கு. பக்கத்துக் கடை கரண்டு உங்க கடை வழியா ஓடியிருக்கு."

"ஸ்டெபிலைசர் இருந்துச்சே தம்பி?"

"அது பிரீசருக்கு மட்டும் இருந்துச்சு. இந்த அளவு வந்தா அதுவும் தாங்காதுண்ணே."

பழுதுக்குக் கொடுத்த பணத்தைவிட, திருவிழாவின் முதல் நாள் தராசும் குளிர்பெட்டியும் இல்லாமல் கடையைத் திறந்து வைத்திருந்ததுதான் பெரிய நஷ்டம். வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். அந்த நஷ்டத்தில் நான் கற்ற பாடத்தை மற்ற வணிகர்கள் நஷ்டமில்லாமல் கற்றுக்கொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மின்சாரம் கெடும் நான்கு வழிகள்

நம் கடைக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரம் சுமார் 230 முதல் 240 வோல்ட். தாழ்வழுத்த இணைப்பில் ஏற்ற இறக்கம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டது. 240 வோல்ட் என்று கணக்கிட்டால் 226-க்கும் 254-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த எல்லையை மீறுவது நான்கு விதமாக நடக்கிறது. நான்கையும் "கரண்ட் பிராப்ளம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் தவறான மருந்தை வாங்கி ஏமாறுகிறோம்.

முதலாவது, லோ வோல்டேஜ். கோடையில் ஊர் முழுவதும் ஏ.சி. ஓடும்போது வருவது இது. சித்திரை வெயிலில் நம் ஊர் எப்படிக் காயும் என்பது தெரிந்ததே. விளக்கு மங்குவதோடு போனால் பரவாயில்லை. பிரிட்ஜ், பிரீசர் ஆகியவற்றின் கம்ப்ரசர் மோட்டார் குறைந்த அழுத்தத்தில் சுற்றத் தொடங்க முடியாமல் நின்று, அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகிக் காயில் கருகும்.

இரண்டாவது, நின்று உடனே வருவது. கம்ப்ரசர் நின்ற உடனே அதன் குழாயில் வாயு அழுத்தம் இறங்கிவிடாது. சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் மின்சாரம் திரும்பினால் அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் கிளம்ப முடியாமல் திணறும். இதனால்தான் மூன்று நிமிடம் காத்திருந்து பிரிட்ஜைப் போடு என்கிறார்கள்.

மூன்றாவது, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வரும் துள்ளல். இதைத்தான் சர்ஜ் அல்லது ஸ்பைக் என்கிறோம். அருகில் எங்காவது இடி விழுந்தாலோ, பெரிய மோட்டார்கள் நிறுத்தப்படும்போதோ, லைனில் சுவிட்சுகளைப் போட்டு எடுக்கும்போதோ ஆயிரக்கணக்கான வோல்ட் கூட ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்கு வந்து போகலாம். விளக்கு அதைக் காட்டாது. கம்ப்யூட்டர், மோடம், கேமரா ரிக்கார்டர் இவற்றின் உள்ளே இருக்கும் சிறு உறுப்புகள் அதை உணர்ந்து செத்துப்போகும்.

நான்காவது, நீடித்த ஹை வோல்டேஜ். இது நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் நிற்கும். இதற்கு மிகச் சாதாரணக் காரணம் நியூட்ரல் அறுவது. என் கடையில் நடந்தது இதுதான். நான்கில் மிகக் கொடியதும் இதுவே.

நியூட்ரல் கணக்கு

வணிகருக்குக் கணக்குப் புரியும் என்பதால் இதைக் கணக்காகவே பார்ப்போம்.

தெருவில் வரும் லைனில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு கடைக்கு ஒரு பேஸும் நியூட்ரலும், அடுத்த கடைக்கு இன்னொரு பேஸும் அதே நியூட்ரலும் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் சுமார் 400 வோல்ட். நியூட்ரல் என்பது இரண்டு கடைகளுக்கும் பொதுவான திரும்பும் பாதை.

அந்தப் பாதை பொது இடத்தில் அறுந்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்று நினைப்போம். நிற்காது. ஒரு பேஸிலிருந்து உங்கள் கடைக்குள் வந்து, நியூட்ரல் வயர் வழியாக அடுத்த கடைக்குள் போய், இன்னொரு பேஸில் சேர்ந்துவிடும். இரண்டு கடைகளும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள் போல் 400 வோல்ட்டையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு சமமாக இருக்காது.

ஓட்டலில் 2000 வாட் சுமை ஓடுகிறது, உங்கள் கடையில் கம்ப்யூட்டரும் விளக்குமாக 200 வாட் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுமையின் மின்தடை அவருடையதைப் போல் பத்து மடங்கு. எனவே 400 வோல்ட்டை 11 பங்காக்கினால் 10 பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு அவருக்கு. அதாவது உங்கள் கடையில் சுமார் 364 வோல்ட். அவர் கடையில் சுமார் 36 வோல்ட். என் கம்ப்யூட்டர் வெடித்ததும் அவர் கிரைண்டர் நின்றதும் இதனால்தான்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கனமான கருவிகள் ஓடும் பெரிய கடைக்கு அல்ல, ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு விளக்கும் மட்டும் எரியும் சிறு கடைக்குத்தான் அதிக வோல்டேஜ் போகிறது. "நம்மிடம் என்ன பெரிய சாமான் இருக்கிறது" என்று அலட்சியமாக இருக்கும் கடைதான் முதலில் அடிபடும்.

இன்னொன்று. கம்ப்யூட்டர், டி.வி., செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது லோ வோல்டேஜுக்குத் தைரியம் தரும் எழுத்து; ஹை வோல்டேஜுக்கு அல்ல. 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போய் டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். அதைத் தாங்க உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் அளவு. 364 வோல்ட் போனால் உள்ளே 515 வோல்ட். கெபாசிட்டர் வெடிக்காமல் என்ன செய்யும்?

எந்தப் பெட்டி எதைக் காக்கும்?

கடையில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ப்யூஸ், எம்.சி.பி.: அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ துண்டிக்கும், வயரிங் தீப்பிடிக்காமல் காக்கும். வோல்டேஜ் ஏறியது அதற்குத் தெரியாது. கருவி எரிந்து ஷார்ட் ஆன பிறகே அது விழும்.

ஆர்.சி.சி.பி.: மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்து மனித உயிரைக் காப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுவதை வாங்க வேண்டும். கட்டாயம் வேண்டியது. ஆனால் கருவியை வோல்டேஜிலிருந்து காப்பது இதன் வேலை அல்ல.

ஸ்டெபிலைசர்: ஒரு எல்லைக்குள் ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்யும். அந்த எல்லை ஸ்டெபிலைசரின் மேல் எழுதியிருக்கும்; படித்துப் பார்த்து வாங்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் முழுவதும் துண்டிக்கும் ஹை-கட், லோ-கட் வசதியும், மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வசதியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைப்பவற்றில் இவை இல்லாமல் போகலாம். ஹை-கட் இருந்தால் பிரீசர் தப்பும். நியூட்ரல் அறுந்த அழுத்தம் நீடித்தால் ஸ்டெபிலைசரே எரிந்துபோகக்கூடும்.

ஸ்பைக் கார்டு: நான்கைந்து பிளக் செருகும் நீளப் பெட்டி. உள்ளே வேரிஸ்டர் என்ற சிறு வில்லை இருந்தால் மட்டுமே அது ஸ்பைக் கார்டு. இல்லாவிட்டால் வெறும் எக்ஸ்டென்ஷன். வேரிஸ்டர், துள்ளி வரும் சர்ஜை விழுங்கிக் கொள்ளும். ஆனால் நீடித்த ஹை வோல்டேஜை விழுங்கப் போனால் சூடாகி எரிந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஸ்பைக் கார்டை அட்டைப்பெட்டி, துணி, கற்பூரப் பெட்டி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது.

மெயின் போர்டில் வைக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர்: கடைக்குள் நுழையும் இடத்திலேயே சர்ஜைப் பூமிக்குத் திருப்பிவிடும். சாதாரணக் கடைக்கு டைப்-2 போதும். கட்டடத்தில் இடிதாங்கி இருந்தால் டைப்-1 பற்றி எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதன் முகப்பில் சிறு ஜன்னல் இருக்கும். பச்சை தெரிந்தால் உயிருடன் இருக்கிறது. சிவப்பானால் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். இணைக்கும் வயர் கூடியவரை குட்டையாக, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர்: நியூட்ரல் அறுவதற்கு ஏற்ற மருந்து இதுதான். மெயினில் இதை வைத்தால், குறித்த அளவுக்கு மேல் போனதும் முழுக் கடையையும் துண்டித்துவிடும். சரியான பிறகு தாமதித்துத் தானே இணைக்கும். மேல் அளவை 265 அல்லது 270-லும், கீழ் அளவை 170 அல்லது 180-லும் வைப்பது கடைகளுக்குப் பொருந்தும். கடையின் மொத்தச் சுமையைத் தாங்கும் ஆம்பியர் அளவில் வாங்க வேண்டும்.

எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

சர்ஜ் ப்ரொடெக்டர் எதை எங்கே தள்ளும்? பூமிக்கு. பூமிக்குப் போகும் பாதை சரியில்லாவிட்டால் அது வாசல் இல்லாத வீட்டில் துடைப்பம் வைத்த கதைதான்.

எர்த்துக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 3043 என்ற விதிமுறை உண்டு. அதன்படி ஜி.ஐ. பைப் போட்டால் 38 மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் இரண்டரை மீட்டர் நீளத்துக்கும் குறையக்கூடாது. பல கடைகளில் ஒரு முழம் கம்பியை மண்ணில் அடித்து எர்த் என்கிறார்கள். வேறு சிலர் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுகிறார்கள். குழாய் பிளாஸ்டிக் ஆகிப் பல காலம் ஆயிற்று என்பது அவர்கள் நினைவில் இல்லை.

மலையடிவாரத்தில் பாறை கலந்த நிலம் இருக்கும் இடங்களில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். காய்ந்த மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளாது. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் முன்னோர் வைத்தது, அதை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் யாராவது ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் அறுந்த நாளில் பிரிட்ஜின் உடம்பில் மின்சாரம் ஏறுவது அந்த முறுக்கினால்தான்.

பழைய கடைகளில் மற்றொரு தவறும் உண்டு. பேஸில் ப்யூஸ் போட்டது போலவே நியூட்ரலிலும் ப்யூஸ் போட்டிருப்பார்கள். மூன்று பேஸ் இணைப்பில் அந்த நியூட்ரல் ப்யூஸ் போனால் உங்கள் கடைக்குள்ளேயே நியூட்ரல் அறுந்ததாக அர்த்தம். நியூட்ரலில் ப்யூஸ் கூடாது; கெட்டியான லிங்க் மட்டுமே இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் நியூட்ரல் முனை தளர்ந்து கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருவிழாக் கடையும் வண்டியும்

கிருத்திகை, டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் படித் திருவிழா ஆகிய நாட்களில் நம் ஊருக்கு நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வருகின்றன. டிபன் வண்டி, ஐஸ்கிரீம் வண்டி, விளம்பர வண்டி என்று பலவும். ஒவ்வொன்றிலும் பிரீசர், இன்வெர்ட்டர், பேட்டரி சார்ஜர், எல்.இ.டி. திரை என்று ஒரு கடையளவு கருவிகள். நம்மில் பலர் நம் கடையிலிருந்து அவர்களுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுக்கிறோம். கொடுக்கும் முன் மின்வாரியத்திடம் தற்காலிக இணைப்பு வாங்கச் சொல்வதே முறை. அதுவே இருவருக்கும் பாதுகாப்பு.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் ஊராகப் போகும் வழக்கம் உண்டு. தங்கும் இடத்தில் நட்டிருக்கும் மின்கம்பத்தில் வண்டியின் கேபிளைச் செருகுவார்கள். அங்கே சாதாரணக் கருவிகளுக்கு 120 வோல்ட். பெரிய வண்டிகளுக்கான இணைப்பில் இரண்டு 120 வோல்ட் லைனும் ஒரு நியூட்ரலும் வரும்; நியூட்ரல் அறுந்தால் 120 வோல்ட் கருவி மேல் 240 வரை ஏறும். நம் ஊர்ப் பிணியே அங்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் நடுவில் ஒரு காவல் பெட்டி வைக்கிறார்கள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா, வோல்டேஜ் சரியா என்று பார்த்த பிறகே அது மின்சாரத்தை வண்டிக்குள் விடும். அந்தப் பெட்டி நமக்கு இல்லாவிட்டாலும் அது செய்யும் சோதனையை ஒரு டெஸ்டரும் மல்டிமீட்டரும் வைத்து எலெக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

வண்டிக்காரர்களும் தற்காலிகக் கடைக்காரர்களும் கவனிக்க வேண்டியவை:

1. மூன்று கோர் கேபிளே போட வேண்டும். பச்சை வயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேர வேண்டும். டயர் ரப்பர் என்பதால் வண்டிக்குப் பூமித் தொடர்பு கிடையாது. உள்ளே கசிவு இருந்தால், கீழே நின்றுகொண்டு ஐஸ்கிரீம் வாங்கக் கை நீட்டும் குழந்தைக்குத்தான் அடி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக அல்லாமல் எந்த வண்டிக்கும் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

2. மெல்லிய வயரை நீளமாக இழுக்காதீர்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் கொண்டுபோனால், போக வர 60 மீட்டரில் சுமார் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அது நாலரை வோல்ட்டுக்குள். சுருட்டி வைத்த கேபிளை விரிக்காமல் கனச் சுமை போட்டால் சுருளே சூடாகி உருகும்.

3. ஜெனரேட்டர் வைத்தால், முதலில் அதை ஓட்டி நிலைபெற விட்டு, பிறகு சுமையைச் சேருங்கள். நிறுத்தும்போது முதலில் கம்ப்யூட்டர், தராசு, திரை ஆகியவற்றை நிறுத்திவிட்டுக் கடைசியில் இயந்திரத்தை நிறுத்துங்கள். கனச் சுமை சட்டென்று விலகும்போது வோல்டேஜ் எகிறும். டீசல் தீர்ந்து திணறி நிற்கும்வரை ஓட்டாதீர்கள்.

4. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைக் கடை வயரிங்கில் செருகுவது குற்றம் மட்டுமல்ல, பாவம். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது.

அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

நியூட்ரல் சொல்லாமல் அறுவது குறைவு. பல நாள் முன்பே தளர்ந்து, கறுத்து, அறிகுறி காட்டும். ஒரு விளக்கு மங்கும்போது வேறு பேஸில் இருக்கும் மற்றொன்று பிரகாசித்தால் அது நியூட்ரல் தளர்ச்சி. எல்லா விளக்கும் ஒரே மாதிரி மங்கினால் அது சாதாரண லோ வோல்டேஜ். எதுவும் ஓடவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு துவாரத்திலும் டெஸ்டர் எரிகிறது என்றால் உங்கள் கடையின் நியூட்ரல் மட்டும் அறுந்திருக்கலாம்.

விளக்கு பளீரென்று எரிந்தால் யோசிக்க வேண்டாம். முதலில் மெயின் சுவிட்ச். கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போகாதீர்கள். ஒன்றை நிறுத்த நிறுத்த மிச்சமிருக்கும் கருவிக்கு வோல்டேஜ் இன்னும் ஏறும். மெயினை நிறுத்திவிட்டு அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் ஏறுவதோ, ஏறச் சொல்லி யாருக்காவது பணம் கொடுப்பதோ நம் வேலை அல்ல.

கோடை மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இடி உண்டு. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு இணையான பாதுகாப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் மின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மொட்டைமாடிக் கேமராவிலிருந்து வரும் வயர், கேபிள் டி.வி. வயர், செம்புக் கம்பியில் வரும் இன்டர்நெட் வயர் ஆகியவற்றையும் பிடுங்க வேண்டும். சர்ஜ் கொல்லை வழியாகவும் வரும்.

எரிந்த பிறகு

எலெக்ட்ரானிக் தராசைப் பழுது பார்த்தால் அதை மீண்டும் முத்திரையிட்ட பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டும். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதில் கண்டிப்பானது. திருவிழா அவசரத்தில் முத்திரையில்லாத தராசை வைத்து, எரிந்த நஷ்டத்தோடு அபராதத்தையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தீ பாலிசியில், ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம் போன்ற மின்கோளாறால் கெட்ட அந்தக் கருவிக்கே நஷ்ட ஈடு கிடைக்காது என்ற விலக்கு இருப்பது வழக்கம். அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால்தான் கிடைக்கும். கருவிகளுக்கு எலெக்ட்ரானிக் கருவிக் காப்பீடு என்ற தனிப் பிரிவு உண்டு. கடைக்காரர் பேக்கேஜ் பாலிசியில் அதைச் சேர்த்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் படியுங்கள். வாங்கிய பில்களைக் கடையில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள்.

வோல்டேஜ் பற்றி மின்வாரியத்தில் புகார் கொடுத்தும் தீரவில்லை என்றால், ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. ஒரு கடைக்காரர் தனியாகப் போவதைவிட, ஒரே கம்பத்துக் கடைக்காரர்கள் பத்துப் பேர் தேதி, நேரம், மீட்டரில் பார்த்த வோல்டேஜ் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுப் போனால் பேச்சுக்கு மதிப்பு அதிகம். சங்கம் எதற்கு இருக்கிறது?

எதை முதலில் செய்வது?

கையில் பணம் குறைவு என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், பணமே அதிகம் செலவாகாதது: மெயின் போர்டு, கட்அவுட், சேஞ்ச் ஓவர் ஆகியவற்றில் எல்லா முனைகளையும் எலெக்ட்ரீஷியனை வைத்து முறுக்கிப் பார்ப்பது, நியூட்ரல் ப்யூஸை லிங்காக மாற்றுவது. இரண்டாவது, எர்த். மூன்றாவது, ஆர்.சி.சி.பி.யும் ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டரும். நான்காவது, மெயினில் சர்ஜ் ப்ரொடெக்டர். ஐந்தாவதாகத்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். நம்மில் பெரும்பாலோர் ஐந்தாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். அடிப்படை இல்லாமல் மாடி கட்டுகிறோம்.

சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கச் சில கேள்விகள்

1. உங்கள் கடையின் எர்த் குழி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?

2. உங்கள் கடைப் பையனுக்கு மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் தெரியுமா? அதன் முன்னால் மூட்டை அடுக்கியிருக்கிறதா?

3. ஸ்டெபிலைசரில் ஹை-கட் உண்டா? எத்தனை வோல்ட்டில்?

4. ஒரு விளக்கு மங்கி மற்றொன்று பிரகாசித்தால் அது எதைக் காட்டுகிறது?

5. உங்கள் பாலிசியில் எலெக்ட்ரானிக் கருவிகள் சேர்ந்திருக்கின்றனவா?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தவர் இந்தப் பாடத்தில் தேறியவர். தெரியாதவர் வெட்கப்பட வேண்டாம். அந்தக் கிருத்திகைவரை எனக்கும் ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியாது. விளக்கு மங்கிப் பிரகாசித்த அந்த வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். வியாபாரம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன், வியாபாரம்தான் முடிந்தது.

அடுத்த திருவிழாவுக்குச் சரக்கு எடுக்கப் போகும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.